சாக்கு மூட்டையும் தொட்டிக்குள் மூன்று பிள்ளைகளும்

டிசம்பர் ஐந்தாம் தேதி பகல் இரண்டு மணிக்குத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. குற்றாலம் மூன்றரை மைல். மாட்டுவண்டிக்கு ஆறணா பேசினேன். அங்கே ஒரு பங்களாவில் உடம்பு தேறத் தங்கியிருந்த வெள்ளைக்காரச் சாமியார் இட்ட வேலை இது. மறுநாள் அர்ச்சியசிஷ்ட நிக்கொலாஸ் என்ற புனிதரின் திருநாள். சாமியாரின் தேசத்தில் முந்தின நாள் சாயங்காலமே நிக்கொலாஸ் வெள்ளைத் தாடியும் சாக்குமாக வந்து பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுப்பாராம். அந்தப் பக்கத்துத் தோட்ட வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கு, பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட வாத்தியாரான நான்தான் இந்த வருஷத்து நிக்கொலாஸ். ஆரஞ்சு, பொரிகடலை, பஞ்சுத் தாடி, நிக்கொலாஸின் படம் ஒன்று, எல்லாம் என் சாக்கில் இருந்தன.

வண்டிக்காரர் மாடசாமி சாக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“ஐயா, அதைக் காலுக்கடியில தள்ளி வச்சுக்கிடுங்க. ஓடைல பாலம் கட்டுதாங்க. பாலம் நிக்கப் பிள்ளைத் தலை கேக்குதுன்னு ஊரெல்லாம் பேச்சு. பிள்ளை புடிக்கவன்னு சாக்கைக் கண்டாலே சனம் மிரளுது.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஓடை வரைதான் தாங்கியது.

பாலம் கட்டுகிற இடத்தில் இருபது முப்பது பேர் கம்போடு வழியை மறித்தார்கள். காலையிலிருந்து ஒரு பையனைக் காணோமாம். அவனுடைய தாய் தலைவிரி கோலமாக முன்னால் நின்றாள்.

“என்னவே சாக்குல?” என்றான் ஒருவன்.

“பிள்ளைகளுக்குத் தின்பண்டம்” என்றேன். அதைவிட மோசமான பதில் யோசித்தாலும் கிடைத்திருக்காது.

சாக்கைக் கவிழ்த்தார்கள். முதலில் ஆரஞ்சு உருண்டது. அடுத்துத் தாடி விழுந்தது. “வேசங் கட்டி வருதான்லே!” என்று ஒரு கத்தல். கடைசியாகப் படம். அதில் ஒரு மரத்தொட்டிக்குள் மூன்று பிள்ளைகள் துணியில்லாமல் நிற்க, தாடிக்காரக் கிழவர் அவர்கள் தலைக்கு மேல் கையை நீட்டிக்கொண்டிருந்தார். என் தோளில் ஒரு கம்பு விழுந்தது.

கதையைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். வாத்தியார் புத்தி, ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

“பஞ்ச காலத்தில் ஒரு கசாப்புக்காரன் இந்த மூன்று பேரையும் வெட்டி உப்புத் தொட்டியில்...”

அதற்கு மேல் விடவில்லை. சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். மாடசாமி குறுக்கே விழுந்து, “வாத்தியாரய்யா அவுக, விடுங்கலே!” என்று கதறினார். செத்தேன் என்றே முடிவு கட்டினேன். செபம்கூட வாயில் வரவில்லை.

“ஏலே, பையன் இங்கன கெடக்கான்!”

குரல் வாழைத்தோப்பிலிருந்து வந்தது. காவல் குடிசை வைக்கோலுக்குள் பையன் காய்ச்சலோடு சுருண்டு கிடந்திருக்கிறான். கம்புகள் தாழ்ந்தன. தாய் ஓடிப் போய் அவனைத் தூக்கி இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். திரும்பி வந்து, சேற்றில் கிடந்த படத்தை எடுத்துப் பார்த்தாள்.

“இந்தப் பிள்ளையளுக்கு என்ன ஆச்சு?”

“பெரியவர் உயிரோடு எழுப்பிவிட்டார், அம்மா.”

“பெத்தவளுவ எங்க? ஒருத்தியக்கூடக் காணல?”

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அதில் தாய் என்று யாரும் வந்ததேயில்லை. ஓர் ஆரஞ்சை நீட்டினேன். பையனும் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்து மடக்கிக்கொண்டாள்.

பங்களாவில், தாடி கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மிச்சமிருந்த பண்டத்தைச் சாமியாரே கொடுத்தார். அன்று இரவு அருவியின் இரைச்சலெல்லாம் எனக்குக் கூட்டத்தின் இரைச்சலாகவே கேட்டது.

மறுநாள் வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினேன். எங்கள் தெருவில் சாக்கோடு போனால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வருவார்கள். இங்கே வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடைக்கரை வீடுகளில் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். அதில் ஒரு கதவுக்குப் பின்னால் அந்தத் தாயும் நின்றிருப்பாள். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். நானும் சாத்தியிருப்பேன்.