குர்ஷித்தின் கேசட்டில் நாற்பத்தேழு குறைகள்

ஆம்பூரில் இருதயராஜுக்குப் பிடித்த ஆள் என்று ஒருவரும் இல்லை. பிரியாணிக்கு வரிசையில் நிற்கிறவர்களைப் பிடிக்காது. அந்த வரிசையைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்களைப் பார்த்தாலே எரியும். ஷூ கம்பெனி ஒன்றின் செக்கிங் மேஜையில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்து, தைத்து வந்த மேல்பாகங்களைப் புரட்டிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று ஒதுக்கியவர். வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. ஒதுக்குகிற புத்திக்கு மட்டும் இன்னும் ஓய்வு வரவில்லை. கல்யாண வீட்டுச் சாப்பாடு, ஃபாதரின் பிரசங்கம், பக்கத்து வீட்டு வாசல் பெயின்ட், எல்லாமே அவரிடம் வந்து ரிஜெக்ட் ஆகித்தான் திரும்பும். மனைவி ஹெலனை முப்பது வருஷத்துக்கு முன்பே பாஸ் செய்துவிட்டதால், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று விட்டு வைத்திருந்தார்.

இந்த மனிதர் கையில் ஒரு வானொலி நிகழ்ச்சி மாட்டியதுதான் கூத்து. யாரோ பெங்களூரில் நடத்தும் இணைய வானொலி அது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணியிலிருந்து ஒரு மணி நேரம் அவருக்கு. உள்ளறையில் ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ரெக்கார்ட் பிளேயர். முதல் அரை மணி பழைய ரேடியோ நாடகம். இரண்டாவது அரை மணி ஃப்ரீ ஜாஸ். கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பதினான்கு ரெக்கார்டுகள் இருதயராஜிடம் இருந்தன. அதில் பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. நாலு பேர் அவரவர் இஷ்டத்துக்கு ஊதுவார்கள், அடிப்பார்கள். ஹெலனைக் கேட்டால் கட்டில் இழுக்கிற சத்தம் என்பாள்.

நாடகத்துக்கு நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஜாஸ் ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் ஐந்து பேர் மிச்சம். அந்த எண்ணிக்கை திரையில் இறங்குவதைப் பார்ப்பதில் இருதயராஜுக்கு அப்படியொரு சந்தோஷம். "போகிறவர்கள் போகலாம். காது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை" என்று மைக்கிலேயே சொல்லுவார். யாரும் கேட்காத நிகழ்ச்சியை நடத்திக்கொண்டு, கேட்காதவர்களைத் திட்டுகிற ஆளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

போன மாசம் குர்ஷித் ஒரு கேசட்டோடு வந்தாள். அவரிடம் செக்கிங்குக்குப் போகிற லைனில் பதினொரு வருஷம் தைத்தவள், இப்போது ஐம்பத்தைந்து வயது. அவள் தைத்ததில் எத்தனை ஜோடியை அவர் தூக்கி எறிந்திருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"சார், ரேடியோல பழைய நாடகம் போட்றீங்களாமே. இது எங்க வீட்ல புடிச்சது. எண்பத்து நாலுல. ரேடியோ முன்னாடி டேப் ரிகார்டர வச்சி."

ரயிலில் ஒரு நகைப்பெட்டி காணாமல் போகிற துப்பறியும் நாடகம். இருதயராஜ் எங்கெங்கோ தேடிக் கிடைக்காதது. உள்ளுக்குள் துள்ளிக் குதித்தார், முகத்தில் காட்டவில்லை. கேசட்டைத் திருப்பிப் பார்த்து, "பூஞ்சக்காளான் புடிச்சிருக்கு" என்றார்.

"ஆமா சார். நடுநடுவுல எங்க அப்பா பேசுறது, இருமுறது எல்லாம் வரும். அவரு போய் முப்பத்தெட்டு வருஷமாச்சி. எங்கள்ட்ட இருந்த மிஷின் ரிப்பேர். நீங்க போட்டா ஒரு தடவ கேக்கலாம்னு."

இங்கேதான் அந்தச் செக்கிங் மூளை வேலை செய்தது. லைனில் தைக்கிறவர்கள் டிரேயைக் கொண்டுவந்து வைக்கும்போதே, "சார், இதுல ரெண்டு ஜோடி தையல் கோணலா இருக்குது" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். தானாகச் சொன்னால் திட்டு கம்மி. குர்ஷித்தும் எத்தனையோ முறை அப்படிச் சொன்னவள்தான். அவள் குறையை ஒப்புக்கொள்கிறாள் என்றே இருதயராஜ் எடுத்துக்கொண்டார். அப்பாவின் குரலைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. "பரவால்ல. நான் பாத்துக்கறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பினார்.

ஆறு நாள் உட்கார்ந்தார். பூஞ்சையைத் துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கேட்டுக் கேட்டுக் குறைகளை நோட்டில் எழுதினார். இருமல் பத்தொன்பது. பாத்திரச் சத்தம் ஏழு. துப்பறிவாளர் மோப்பம் பிடிப்பதற்கு முன்பே திருடன் யாரென்று கண்டுபிடித்துவிட்டு ஒரு ஆள் சிரிக்கிற சிரிப்பு, நாலு. "குர்ஷித்து, வெளக்க போடும்மா" என்று ஒன்று. "இருப்பா, கேக்கவுடு" என்று ஒரு சின்னப் பெண்ணின் குரல். கதவு, நாற்காலி, தெருச் சத்தம் என்று சில்லறை பதினைந்து. மொத்தம் நாற்பத்தேழு. அத்தனையையும் நறுக்கி எடுத்து, இழை தெரியாமல் ஒட்டினார். அவர் கையில் இருந்த வேலைத்திறன் உண்மையானதுதான். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பிராண்டு பெயர் குத்திய மேல்பாகம் ரிஜெக்ட் ஆனால் அப்படியே குப்பைக்குப் போகாது. எவனாவது பொறுக்கிப்போய் அடிப்பாகம் வைத்துச் சந்தையில் விற்றுவிடுவான் என்று, குறுக்கே கத்தியால் ஒரு வெட்டு வெட்டித்தான் வெளியே தள்ளுவார்கள். நல்லது கைக்கு வந்த பிறகு கெட்டது ஊரில் உலவக் கூடாது என்பது இருதயராஜின் மதம். கம்ப்யூட்டரில் இருந்த முதல் பதிவை அழித்தார். கேசட்டிலிருந்து நாடாவை உருவிக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டி, நகராட்சிக் குப்பை வண்டியில் போட்டார். அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை குர்ஷித் நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்போடு வந்தாள். கூடத்தில் ஹெலன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் நாடகம் ஆரம்பித்தது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். பத்து நிமிஷத்தில் ஹெலனிடம், "இந்த எடத்துல ஒரு இருமல் வரும்" என்றாள். வரவில்லை. திருடன் மாட்டுவதற்குச் சற்று முன்னால், அப்பாவோடு சேர்ந்து சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தாள். துப்பறிவாளர் மட்டும் பேசிவிட்டுப் போனார். நாடகம் முடியும்போது மடியில் இருந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உடனே இருதயராஜின் குரல் வந்தது. "நாடக ரசிகர்கள் கிளம்பலாம். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வரும் இசையில் சாக்ஸஃபோன் ஊதுகிறவர் மூச்சு வாங்குவது கேட்கும். எச்சில் கொப்பளிப்பது கேட்கும். யாரோ நாற்காலியை உதைக்கிறார், அதுவும் கேட்கும். காது இல்லாத மடையன் கையில் கிடைத்திருந்தால் எல்லாவற்றையும் வெட்டி எறிந்திருப்பான். அங்கே ஒரு மனிதன் உயிரோடு இருந்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

ரெக்கார்டில் ஊசியை வைத்துவிட்டு, பாராட்டு வாங்கிக்கொள்ள வெளியே வந்தார்.

"எப்டி? பளிச்சுனு இருக்குதா? நாப்பத்தேழு எடம். ஒன்ன விடல."

"நல்லா இருக்குது சார்" என்றாள் குர்ஷித். "ரேடியோவுக்காக வெட்டிட்டிங்க. சரி. கேசட்ட குடுங்க, மிஷின் எங்கனா ரிப்பேர் பண்ணி கேட்டுக்கறேன்."

இருதயராஜ் சிரித்தார். "அது எதுக்கும்மா இனிமே? வெட்டி போட்டாச்சி. இத பென் டிரைவ்ல போட்டு தர்றேன்."

"வெட்டியா?"

"ரிஜெக்ட்ட வெட்டாம வுடுவோமா? உனக்கு தெரியாததா?"

ஹெலன் கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னாங்க செஞ்சிங்க" என்றாள். அது கேள்வியாக வரவில்லை.

அப்போதும் அவருக்குப் புரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? கம்ப்யூட்டரிலும் அழித்துவிட்டதை, ஏதோ கூடுதல் சேவை செய்தது மாதிரி, அவரே வாய்விட்டுச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் குர்ஷித்தின் முகத்தைப் பார்த்தார். பதினொரு வருஷம் அவர் தூக்கி எறிந்த ஜோடிகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு போன முகம். அதில் ஒருநாளும் இல்லாத ஒரு பார்வை இப்போது இருந்தது, இது தேறாது என்கிற பார்வை. கண்ணாடியில் தினமும் அவர் பார்ப்பதுதான், ஆனால் இதுவரை யாரும் அவர் மேல் அதைத் திருப்பியதில்லை.

உள்ளே ஜெர்மன்காரர் விட்டுப்போன ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊதுகிறவர் ஊதுவதை நிறுத்திவிட்டு, இழுத்து ஒரு மூச்சு வாங்கினார். வீடு முழுக்கக் கேட்டது.

குர்ஷித் எழுந்தாள். உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"இந்தாளு மூச்ச மட்டும் பத்ரமா வச்சிருக்கீங்களே சார். இவரு உங்களுக்கு இன்னா வேணும்?"