வெட்டிய வரி

திரையில் வாய் திறக்கும்போது இடக்கை விரல் ஒரு விசையை அழுத்துகிறது. வாய் மூடும்போது வலக்கை விரல் இன்னொன்றை. ஓடுவது ஜப்பானியக் கார்ட்டூன். அனிமே என்று சொல்ல வேண்டுமாம். கார்ட்டூன் என்றால் இந்த வீட்டு மகனுக்கு முகம் சுருங்கிவிடும். பேச்சுக்கு ஏற்ற தமிழ் வரி எந்த நொடியில் தோன்றி எந்த நொடியில் மறைய வேண்டும் என்று குறித்துக்கொண்டே போகிறார். படுக்கையில் கிடக்கும் அவர் அப்பாவைத் திருப்பி, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு நான் நிமிர்வதற்குள் ஐந்து நிமிடப் படம் முடிந்திருக்கும்.

மகனுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, கேட்கவும் கூடாது. காது மெஷின் பழுதுபார்க்கும் கடையில் வேலை. பெரியவருக்கு மட்டும் எந்த மெஷினும் சரிப்படவில்லை. "ஊருக்கெல்லாம் காது வைக்கிறான் சிஸ்டர், எனக்கு வெச்சது வெறும் கரகரன்னு இரையுது" என்பார். அதனால் மகன் போடும் படத்தில் அடியில் வரும் எழுத்தைப் படித்துத்தான் கதை புரிந்துகொள்கிறார். ஒவ்வொரு வரியையும் தெருவுக்கே கேட்கும்படி வாய்விட்டுப் படிப்பார்.

பெரியவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்குச் சேர்ந்த வாரமே மகனிடம் கேட்டேன். "இப்படி அடுத்தவங்க படத்துக்கு எழுதி இன்டர்நெட்ல போடறது சட்டப்படி சரியா தம்பி?"

"சரியில்ல சிஸ்டரம்மா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தமிழ் எழுத்தோடு யாரும் விற்காத தொடர்களை ரசிகர்களே மொழிபெயர்த்து இலவசமாகத் தருகிறார்கள். இவருடைய குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு. "விக்காத வரைக்கும் குடுப்போம். வித்தா வாங்கணும், அன்னைக்கே நம்மளது போயிடணும்." அப்படிப் பதினோரு தொடர்களைத் தன் கையாலேயே நீக்கியிருக்கிறார். வெளிநாட்டு டிஸ்க் இங்குள்ள பிளேயரில் ஓடாது என்று அந்த நாட்டுப் பிளேயரையே தருவித்து வைத்திருக்கிறார். சுங்க வரி விழாமலிருக்க 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பட்டுமா என்று விற்பவன் கேட்டால் கோபம் வரும். திருட்டில் இத்தனை ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

ஜப்பானிய மொழி இவருக்குத் தெரியாது. மொழிபெயர்த்துத் தந்தவள் அந்த நாட்டில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பெண். எட்டு வருடம் எழுத்திலேயே பழக்கம். குரலைக்கூடக் கேட்டதில்லை. அவளுக்கு ஒரு விநோதப் பழக்கம்: ஆளே இல்லாத காட்சி வந்தால், அதற்கும் ஒரு வரி எழுதி அனுப்புவாள். இவர் அதை வெட்டிவிடுவார். "யாரும் பேசாததைப் பேசினதா காட்டினா பொய் ஆயிடும்ல?"

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தொடரின் கடைசிப் பகுதியை அனுப்பினாள். அடுத்த வாரம் அவள் தங்கையிடமிருந்து கடிதம். மூன்று நாள் காய்ச்சல், போய்விட்டாள். அதன்பிறகு இவர் புதிதாக எதையும் தொடவில்லை. தினமும் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருப்பது, எப்போதோ முடிந்துபோன அந்தத் தொடரைத்தான்.

போன மாதம் அதே தொடர் தமிழ் எழுத்தோடு வெளிநாட்டில் டிஸ்க்காக விற்பனைக்கு வந்தது. வரவழைத்தார். ஆனால் பிரிக்கவில்லை, தன் கோப்புகளை நீக்கவும் இல்லை. குழுவில் ஒருவன் "சட்டம் எங்களுக்கு மட்டும்தானா அண்ணே?" என்று எழுதிக் குத்திக் காட்டினான்.

"அழிச்சுட்டா அவங்க எழுதினது எங்கயுமே இருக்காது" என்றார் என்னிடம்.

"அழிக்கிறது அப்புறம். முதல்ல பிரிச்சுப் போடுங்க. ஒரே பிரதியை உங்கப்பா நாலு தடவை பார்த்தாச்சு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டார். ஒன்பதாம் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம். யாரும் இல்லை. இசையும் இல்லை. ஜன்னல் திரை மட்டும் ஆடுகிறது. அடியில் ஒரு வரி தோன்றியது. பெரியவர் வழக்கம்போல உரக்கப் படித்தார்.

"கொஞ்சம் நில்லு, நானும் வர்றேன்." பிறகு, "யாருடா பேசுறது? ஆளையே காணோமே!"

மகன் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடியும் அதே வரி.

"இது நான் வெட்டினது சிஸ்டரம்மா. அவங்களும் நானும் தவிர யாரும் பார்க்கல. வெளியவே போகல."

நான் பிணம் குளிப்பாட்டியவள். எளிதில் பயப்படுகிறவள் இல்லை. ஆனாலும் அறைக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். "அப்ப அந்தக் கம்பெனிக்கும் அவளே எழுதிக் குடுத்திருப்பா. வயித்துப்பாடு."

டிஸ்க் அட்டையைத் திருப்பினார். மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. தமிழாக்கம் செய்த ஆண்டு மட்டும் இருந்தது: போன வருடம்.

"அவங்க போய் ரெண்டு வருஷம்."

"முன்னாடியே முடிச்சுக் குடுத்திருப்பா. அச்சுல ஏற லேட்டாகியிருக்கும்."

"இருக்கும்" என்றார். அந்த ஆண்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"போடுடா" என்று அதட்டினார் பெரியவர். படம் நகர்ந்தது. தாழ்வாரம் கடைசிவரை காலியாகவே இருந்தது. பெரியவர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வர்றேன்னு சொன்னாளே, எங்க அவ?"

பெண் என்று பெரியவருக்கு யார் சொன்னது? நான் கேட்கவில்லை. மாத்திரைக்கு நேரமாகியிருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது, மகன் குளித்து, சட்டை மாற்றி, கணினி முன் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் பகுதிக் கோப்பைத் திறந்து, அந்தத் தாழ்வாரத்துக்கு வந்து, தான் வெட்டிய வரியைப் பழைய இடத்தில் தட்டெழுதினார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இருமுறை பார்த்தார். சேமித்து, தளத்தில் ஏற்றினார். ஏறி முடியும்வரை காத்திருந்து, அதையும் சேர்த்து அந்தத் தொடரின் இருபத்தாறு கோப்புகளையும் நீக்கினார்.