சரோஜா கேட்ட கேள்வி

விண்கலம் ஒன்று பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறி, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்த அந்த மாலையில், இரும்புலியூரில் என் வீட்டு டிவி முன்னால் தெருவே கூடியிருந்தது. நான் இயற்பியல் ஆசிரியர். வெப்பம், வேகம் என்று உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

"சாரை வுட்டா அவரே ராக்கெட் வுட்டுருவாரு," என்றார் மாடிவீட்டுக்காரர்.

கதவருகே நின்ற எதிர்வீட்டு சரோஜா கேட்டார். "அவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது இல்ல சார்? டக்குனு போயிருக்கும்ல?"

"இல்லம்மா, கடைசி வரைக்கும் நல்லா தெரிஞ்சிருக்கும்," என்றேன், கூட இருந்து பார்த்தவன் போல.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? அவங்க பையன் ஜிஎஸ்டி ரோட்ல லாரியில அடிபட்டு இன்னும் வருஷம்கூட திரும்பல," என்றாள் என் மனைவி.

அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் உண்மையைத்தானே சொன்னோம் என்று, போய் மன்னிப்புக் கேட்காமல் இருந்துவிட்டேன். சில மாதங்களில் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.

போன வருடம் என் மனைவி ஐசியுவில் இறந்தாள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாளாம்மா?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"இல்ல சார், தூக்கத்துலயே போயிட்டாங்க," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வீட்டில் தனியாகத் தூங்குகிறேன். அதைச் சரோஜாவுக்கு நான் கொடுத்திருக்கலாம்.