வெள்ளிக்கிழமை மூன்று மணி அலமாரி

பள்ளிக்கூடத்துப் புத்தக அலமாரியின் சாவி எவன் இடுப்பில் தொங்குகிறதோ அவனுக்கு இரண்டு பக்கமும் இடி: திறந்தால் மேலிடம் முறைக்கும், பூட்டினால் பிள்ளைகள் முறைக்கும். அந்தச் சாவியைச் சுமந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் ஒரு தலைமை ஆசிரியர் இருந்திருப்பார், ஒரு மணி இருந்திருக்கும், 'இந்த நேரத்தில்தான் நூலகம்' என்று சுவரில் ஒரு தாளும் ஒட்டியிருக்கும். நாமெல்லாம் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள்தானே!

எனக்கு அந்தச் சாவி வந்து சேர்ந்தது கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில். வெள்ளைக்காரன் காலம். மலைக்கு ரோடு கிடையாது, அடிவாரத்திலிருந்து மூச்சு வாங்க நடைதான். எங்களுடையது ஜில்லா போர்டு நடத்திய பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியர் ராகவலு சார், அப்புறம் நான். அவரைப் பெரிய வாத்தியார் என்பார்கள், என்னைச் சின்ன வாத்தியார் என்பார்கள். ஒரு நாள் ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி ஒரு புத்தக அலமாரியைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். கூடவே ஓர் உத்தரவும் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் திறக்க வேண்டும், நான்கு மணிக்குப் பூட்ட வேண்டும். எடுத்த புத்தகம் அடுத்த வெள்ளிக்கிழமை அலமாரிக்குத் திரும்பிவிட வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது ஒழுங்கு தப்பியிருந்தால் அலமாரி கீழ்நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்விடும். அந்தப் பள்ளிக்கூடத்தார் அதற்கு இடம்கூட ஒதுக்கி வைத்துவிட்டார்களாம்! எங்கள் பிள்ளைகள் பாடப் புத்தகம் தவிர வேறு அச்செழுத்தைக் கண்ணால் கண்டதில்லை. இறங்கிப் போகிற அலமாரி மறுபடியும் மலையேறி எந்தக் காலத்தில் வரப்போகிறது? அந்தக் கவலைதான் எனக்கு ராப்பகலாக இருந்தது.

சந்தைக்குப் போகிற வழியில்

முதல் வெள்ளிக்கிழமை. ராகவலு சார் சரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டில் மூன்று அடித்தார். நான் அலமாரியைத் திறந்தேன். புத்தகத்தின் புது வாசனை குப்பென்று வந்தது. பிள்ளைகளைத்தான் காணோம். ஒரு ஈ, காக்கை இல்லை. சார் மறுபடியும் மூன்று அடித்தார், எங்கே காதில் விழாமல் போயிற்றோ என்று.

சன்னல் வழியாகப் பார்த்தால், எங்கள் பள்ளிக்கூடம் முழுக்க ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. ரோடு என்று சொல்கிறேன், ஒற்றையடித் தடம்தான். ஒருத்தன் கையில் கோழி, ஒருத்தி தலையில் மிளகு மூட்டை. வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்துக்குச் சந்தை நாள். உத்தரவு எழுதின புண்ணியவானுக்கு அது எப்படித் தெரியும்? சாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தலையில் பலாப்பழத்தோடு போன சடையனைக் கை தட்டிக் கூப்பிட்டார். சடையன் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அவர் மகள் கொங்காயி எங்கள் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிற பெண். பின்னாலேயே ஒரு கூடையோடு வந்துகொண்டிருந்தாள். "நூலக நேரத்தில் பெண்ணை எங்கேய்யா கூட்டிக்கொண்டு போகிறாய்?" என்று சார் அதட்டினார்.

சடையன் பழத்தை இறக்கவுமில்லை, நடையை நிறுத்தவுமில்லை. "ஏனுங்க சாமி, மத்த நாளெல்லாம் பூட்டி வெச்சுப்போட்டு, ஊரே சந்தைக்குப் போற அன்னிக்குத் தெறக்கறீங்களே, நாங்க வந்துறக் கூடாதுன்னு யாராச்சும் சொல்லிப்போட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

நடுக்கடலில் மணி அடித்தது

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. சந்தை கூடவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மூன்று மணிக்கு நிற்க இடமில்லை. கொங்காயி ஒரு கப்பல் கதையை எடுத்து உரக்கப் படித்தாள். கடலையே பார்த்திராத பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். மகளைக் கூட்டிப்போக வந்த சடையன், மழைக்குத் தலையில் கவிழ்த்திருந்த சாக்குக் கொங்காடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசற்படியிலேயே நின்றுவிட்டார். புயல் வந்துவிட்டது. பாய்மரம் ஒடிந்துவிட்டது. கப்பலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அப்போது பார்த்து சார் நான்கு அடித்தார்.

அடித்ததோடு விட்டாரா? கொங்காயி கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, "இன்றைக்கு யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம், மழையில் நனைந்துவிடும்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். என்ன செய்ய, பூட்டினேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்குச் சடையன் சார் வீட்டு முன்னால் வந்து நிற்கிறார். நானும் அங்கே பேசிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க சாமி, அந்தக் கப்பல் கரை சேந்துச்சுங்களா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க. அந்தப் புள்ள சோறு திங்காம உக்காந்துருக்குது. எனக்கும் எறங்கலீங்க" என்றார். சார் தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார். மேலே போட்டிருந்த துண்டைச் சரிசெய்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, அந்தச் சாவியைக் கொடு. எனக்கும் தெரியலே."

கிளி ஓட்டிய புத்தகம்

அன்றைக்கு சார் தலைகீழாக மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். "உத்தரவு சுவரில் இருக்கட்டும். நீ எப்போது திறக்கிறாய் என்று நான் பார்க்கவில்லை" என்றார். அவ்வளவு போதாதா எனக்கு! காலையில் மாடு ஓட்டிவிட்டு வருகிறவனுக்குக் காலையில் திறந்தேன். விறகு பொறுக்கிவிட்டு வருகிறவளுக்கு அவள் வந்தபோது திறந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் வாசலில் ஒரு தலை தெரியும். சலித்துக்கொள்வேன், திட்டுவேன், எழுந்து போய்த் திறப்பேன். படித்து முடிக்கும்வரை வைத்துக்கொள் என்றும் சொல்லிவிட்டேன்.

தினைக் கதிர் பால் பிடித்தது. பள்ளிக்கூடம் காலியாகிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் தினைக் காட்டில் பரண் மேல் ஏறி, தகரம் தட்டிக் கிளி விரட்ட வேண்டும். நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை, புத்தகம் படிக்க அதைவிடத் தோதான இடம் உண்டா? கொங்காயிக்கு இரண்டு புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அவளுக்கு மனதுக்குள் படிக்க வராது. பரண் மேலிருந்து அவள் படித்தால் பக்கத்துக் குன்றுக்குக் கேட்கும். தகரத்தைத் தொடவே இல்லையாம். கதையில் ராஜா வந்தாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி, அந்தக் குரலுக்கு ஒரு கிளி காட்டில் இறங்கவில்லை.

நாலைந்து நாள் போயிருக்கும். பக்கத்துக் காட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. பள்ளிக்கூடத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர். ஏதோ வம்பு வந்துவிட்டது, சேதி கீழே போனால் அலமாரி போச்சு என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "உங்க புஸ்தகத்துக்குப் பயந்துக்கிட்டு சடையன் காட்டுக் கிளியெல்லாம் எங்க காட்டுல வந்து உழுவுதுங்க. நாயம்னா எல்லாருக்கும் ஒரே நாயந்தானுங்களே, எம்பட பையனுக்கும் ஒரு புஸ்தகம் குடுங்க, நல்லாச் சத்தமாப் படிக்கற மாதிரி!"

காப்புக் கட்டியாயிற்று

இப்படி நான் பாட்டுக்கு வாரி வழங்கிக்கொண்டிருந்தபோதுதான் மாரியம்மன் நோம்பித் திருவிழா வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் நோம்பி சாட்டி, அதாவது நாள் அறிவித்து, காப்புக் கட்டிவிட்டால், ஊர்க்காரர்கள் எல்லை தாண்டக் கூடாது. வெளியாள் உள்ளே போனால் நோம்பி முடிகிறவரை திரும்பக் கூடாது. ஓடைதான் எல்லை. எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப்பேர் அந்த ஊர். அலமாரிப் புத்தகம் முழுக்க அந்த ஊரில்.

காப்புக் கட்டின மறுநாள் கீழேயிருந்து ஆள் வந்தான், வருகிற வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் மலையேறுகிறார் என்று. அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஒரு பல்லி ஓடியது. ராகவலு சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்ஸ்பெக்டர் நூலகம் பார்க்க வருகிறார், நாம் பல்லியைக் காட்டப்போகிறோம்" என்றார். இரண்டு பேரும் ஓடைக்கரைக்கு ஓடினோம்.

அக்கரையில் சடையன் மஞ்சள் வேட்டியோடு நின்றார். விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினேன். "புத்தகத்தைத் துணியில் கட்டித் தூக்கிப் போடு சடையா, நான் பிடித்துக்கொள்கிறேன். ஆள்தானே தாண்டக் கூடாது?" என்றேன். அவருக்கும் மனசு கேட்கவில்லை, தவித்துப் போனார். ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "இல்லீங்க சாமி. மாசக்கணக்கா எங்க ஊட்டுல, எங்க புள்ளைங்ககூடக் கெடந்த புஸ்தகமுங்க. அதுவும் இந்த ஊருதானுங்களே, அத மட்டும் எப்பிடீங்க தாண்ட உடறது?" என்றார்.

அக்கரை நூலகம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்ஸ்பெக்டர் டோலியில் வந்து இறங்கினார். கட்டையான மனிதர், மலைப்பாதைக் குலுக்கலில் முகம் சிவந்திருந்தது. வந்ததும் வராததுமாக, "அலமாரியைத் திறங்கள்" என்றார். திறந்தேன். பார்த்தார். சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விற்றுவிட்டீர்களா?" என்று கேட்டார்.

ராகவலு சார்தான், சதா உத்தரவு உத்தரவு என்று உயிரை வாங்குகிற அந்த மனுஷர்தான், "நூலகம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காட்டுகிறேன், வாருங்கள்" என்று முன்னால் நடந்தார். அந்த நேரத்தில் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தபடி அக்கரையில் ஊரே கூடியிருந்தது. பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துத் தலை சீவி, ஆளுக்கொரு புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஓடையில் கால் வைக்கப் போனார். டோலிக்காரர்கள் பதறிப்போய்ப் பிடித்து இழுத்தார்கள், போனால் நோம்பி முடிந்துதான் வர முடியும் என்று. வேறு வழியில்லாமல் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, "நீ படி, பார்க்கலாம்" என்று கத்தினார். தண்ணீர் இரைச்சலை மீறிக் கொங்காயி படித்தாள். அடுத்து ஒரு பையன் படித்தான். அவன் ஓர் இடத்தில் தடுமாறியபோது அவனுடைய தாய், எழுத்தே தெரியாதவள், அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் அக்கரையில் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்லக் கிளம்பிவிட்டார்கள். எதைக் கேட்பது என்று தெரியாமல் அவர் இரண்டு கையையும் தூக்கி, "ஒவ்வொருத்தராக, ஒவ்வொருத்தராக!" என்று சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்தார்: "வெள்ளிக்கிழமை தவறாமல் மூன்று மணிக்கு அலமாரியைத் திறக்கிறார்களா?" ராகவலு சார் கண்ணை மூடிக்கொண்டார். கொங்காயியின் அம்மா, எங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த மகராசி, முன்னால் வந்தாள். "வெள்ளிக்கெழம மட்டுந்தானுங்க சாமி தெறக்க மாட்டாங்க. மத்த எந்நேரம் போனாலும் தெறப்பாங்க. சின்ன வாத்தியாரு சோத்துல கை வெச்சிருந்தாலும் வஞ்சுக்கிட்டே எந்திரிச்சு வந்து தெறப்பாருங்க!"

போச்சு, அலமாரி போச்சு என்று நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தார். காலி அலமாரியின் கதவை அவரே சாத்தினார். டோலியில் ஏறி உட்கார்ந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். டோலிக்காரர்களைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். "இது இங்கேயே இருக்கட்டும். இதைக் கேட்கிறார்களே, அந்தக் கீழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே இருக்கிற அலமாரியை நேற்றுத்தான் பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை, பாவம்!"

டோலி திருப்பத்தில் மறைந்ததும் ராகவலு சார் என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அழுதோமா சிரித்தோமா என்று இப்போது நினைவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அதற்குப் பிறகும் எங்கள் கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எதிரே ராகவலு சார் சிவப்பு மையில் 'நூலகம்' என்று அழகாக எழுதியேதான் வைத்திருந்தார், அலமாரியும் நானும் நிம்மதியாகக் கண்ணயர்ந்தது வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான்.