பொட்டு வைத்த தீயணைப்பு சிலிண்டர்

என் நண்பன் பசுபதி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பான். அங்கே ஸ்மோக் அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டியிருந்தால் தொலைந்தோம், பிரசங்கம்தான். தாளிப்புப் புகைக்கு அலறாமலிருக்க, அமெரிக்காவில் எங்கள் ஊரான எடிசனில் நாங்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். அவனும் செய்தவன்தான். மாடியை வாடகைக்கு விடப்போய், தீப்பாதுகாப்பு இன்ஸ்பெக்‌ஷனில் ஒருமுறை தோற்றான், ஆளே மாறிவிட்டான். வீட்டிலுள்ள எல்லா அலாரங்களையும் இணைத்தான். ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். வீட்டுக்குள் கற்பூரம் ஏற்றத் தடை. மனைவி நாகலக்ஷ்மி பனி கொட்டினாலும் பின்பக்கத் திறந்தவெளி டெக்கில் நின்றுதான் ஆரத்தி காட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. மாடிக்குக் குடிவரும் அஃப்னானும் ருக்ஸானாவும் கைக்குழந்தையோடு வாசலில் ட்ரக்கில் காத்திருந்தார்கள். பழைய வீட்டைக் காலி செய்தாயிற்று. இன்ஸ்பெக்டர் பாஸ் போட்டால்தான் இங்கே சாவி.

அவர் மாடிச் சமையலறைச் சுவரைக் காட்டினார். கொக்கி மட்டும் இருந்தது. தீயணைப்பு சிலிண்டரைக் காணோம். பசுபதியும் நானும் கீழே ஓடினோம். பூஜை அலமாரியில், லேப்டாப்புக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமத்தோடு அது ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"இத ஏன் எடுத்துட்டு வந்தே?" என்று நாகலக்ஷ்மியிடம் கத்தினான் பசுபதி.

"அதுவும் ஆயுதம்தானேங்க? புனர்பூஜை பண்ணி கற்பூரம் காட்டாம எடுக்கக் கூடாது."

"அவர் ஃபெயில் பண்ணிட்டா அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்பன்னு தெரியாது. அதுவரைக்கும் அவங்க எங்க போவாங்க?"

நாகலக்ஷ்மி ஜன்னல் வழியே பார்த்தாள். ருக்ஸானா அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், டெக்காவது ஒன்றாவது என்று அங்கேயே கற்பூரத்தை ஏற்றிவிட்டாள்.

மேலும் கீழும் வீடே அலறியது. பசுபதி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். ஆரத்தித் தட்டைப் பார்த்தார், பொட்டு வைத்த சிலிண்டரைப் பார்த்தார்.

"அலாரம் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது" என்றார் ஆங்கிலத்தில். "சிலிண்டரில் பொட்டு மறைக்கும் அந்த பிரஷர் மீட்டரை மட்டும் துடைத்துவிட்டு மேலே மாட்டுங்கள். பாஸ்."

பசுபதி சாவியை நீட்டியபடியே அஃப்னானிடம் ஷவர் கேப் பிரசங்கத்தைத் தொடங்கினான்.

"மொதல்ல சாவியக் குடுங்க. குழந்தையப் படுக்க வைக்கட்டும்" என்றாள் நாகலக்ஷ்மி.

அதன்பிறகு கற்பூரத் தடையைப் பற்றி அவன் வாய் திறப்பதில்லை. ஆனால் அவள் இன்னும் டெக்குக்குத்தான் போகிறாள். மாடியில் குழந்தை தூங்குகிற நேரமாம்.