கெளுத்திகளுக்கு வந்த புதுத் தண்ணீர்

பதினான்கு மாதங்களாக, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், எங்கள் கூடத்து மீன்தொட்டியின் சூட்டை நாட்குறிப்பில் எழுதி வந்தேன். எப்போதும் இருபத்தெட்டு டிகிரி. சித்திரை வெயிலில்கூட ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு அதிலேயே நிறுத்தினேன். ஞாயிறுதோறும், பிடித்து வைத்த தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவந்து கால் பங்கு மாற்றினேன். 'முட்டை' என்ற கட்டத்தில் மட்டும் தினமும் 'இல்லை'.

தொட்டியில் ஏஞ்சல் மீன் இரண்டு, கெளுத்தி ஆறு. குழம்புக்கு ஆகிற கெளுத்தி அல்ல. கட்டைவிரல் நீளத்தில், மீசையால் மணலைத் துழாவிக்கொண்டே இருக்கும் அலங்கார வகை.

மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது வாங்கித் தந்த பெரிய டிவி பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதற்கு ஏற்ற சுவர் தொட்டி இருந்த சுவர்தான்.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்பேன். ஒரு முட்டையாவது வரலைன்னா தொட்டி மாடிக்கு" என்றாள் மனைவி.

மாடியில் தகரக் கொட்டகை. அங்கே மீன்கள் ஒரு பகல் தாங்காது.

"ஆறும் ஆம்பளையா இருக்கப்போவுதுங்க."

"பொட்டை மூணு. மேலேருந்து பாத்தா அகலமா தெரியும். எழுதி வெச்சிருக்கேன்."

"நீங்க எழுதி வெச்சிருக்கறது அதுக்குத் தெரியுமா?"

ஆடிப் பதினெட்டன்று பூதலூர் வயலுக்குப் போய்விட்டு, மழையில் நனைந்து மாலை ஐந்து ஐம்பதுக்குத் திரும்பினேன். ஆறு மணிக்கு வெப்பமானி இருபத்தைந்து காட்டியது. தட்டிப் பார்த்தேன். இருபத்தைந்துதான். தண்ணீரும் லேசாகக் கலங்கியிருந்தது.

"ஆத்துல படையல் போட்டுட்டு ரெண்டு குடம் கொண்டாந்தேன். வீடு பூரா தெளிச்சேன். மிச்சத்தை அதுக்கு ஊத்துனேன். நல்ல நாளும் அதுவுமா அது மட்டும் பழைய தண்ணியில கெடக்கணுமா?"

அன்றைய பக்கத்தில் 'விபத்து' என்று எழுதினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கண்ணாடியில் ஜவ்வரிசி போல முட்டைகள். எண்ணினேன்: முப்பத்திரண்டு. நாட்குறிப்பை எடுத்து வருவதற்குள் கூடத்தில் கூச்சல்.

"ஏங்க! இந்தப் பாவி ஏஞ்சல் திங்குதுங்க!"

காலாவதியான ஏடிஎம் கார்டால் அவளே சுரண்டி எடுத்தாள். பதினோரு முட்டைகள் ஊறுகாய் பாட்டிலுக்குள் தப்பின.

நான் நேர்மையாகச் சொன்னேன்: "கெடு நேத்தோட முடிஞ்சுபோச்சு."

"ராத்திரியே போட்டிருக்கும். அது பதினெட்டுதான். பேசாம இருங்க."

'காரணம்: வெப்பநிலை மூன்று டிகிரி குறைந்தது' என்று எழுதினேன். மாலையில் பார்த்தபோது அது அடிக்கப்பட்டு, அவள் கையெழுத்தில் 'புதுத் தண்ணி' என்றிருந்தது. யோசித்தால் இரண்டும் ஒன்றுதான். ஒரே சூட்டில், ஒரே தண்ணீரில், மழைக்காலம் வருவதையே அவற்றுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தவன் நான்.

டிவி இப்போது படுக்கையறையில் இருக்கிறது. ஏஞ்சல்கள் அதன் எதிரே ஒரு வாளியில் இருக்கின்றன, அவள் கோபம் தணியும்வரை.