அண்ணி முதலில் ஏறிப் பார்த்த வண்டி

என் அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, அவர் ஒரு நல்ல அட்டைப் பெட்டியைக் கிழித்ததுதான். மடிப்புக் கலையாத புதுப் பெட்டி, மூலையில் பளபளவென்று கம்பெனி ஸ்டிக்கர். பெரம்பலூர் டாக்ஸி ஸ்டாண்டில் நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே இருந்த உதிரிபாகத்தை எடுத்து மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியைச் சுக்குநூறாகக் கிழித்து எறிந்தார். "ஏங்கக்கா, எடைக்குப் போட்டா காசு வருமே" என்றார் ஒரு டிரைவர். "அதுக்குத்தான் கிழிக்கிறேன்" என்றார் அண்ணி. கூட்டமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அண்ணி யார் சிரிப்பையும் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அண்ணனிடம் ஒரு வெள்ளை டீசல் கார் இருந்தது. வாடகைக்கு ஓட்டினார். ஒருநாள் திருச்சியில் சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, பாடாலூரைத் தாண்டியதும் முன்சக்கரம் மடங்கிக்கொண்டது. கார் புளியமரத்தில் போய் மோதியது. பால் ஜாயின்ட் என்று ஒன்று உண்டு. நமக்குத் தோள்பட்டை மூட்டு மாதிரி, முன்சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அது கழன்றுவிட்டது. அண்ணனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, கைத்தடியோடு வீட்டுக்கு வந்தார்.

காரைச் சரிசெய்தோம். நான் ஓட்ட ஆரம்பித்தேன். அண்ணன் மட்டும் அதன் பக்கமே வரவில்லை. டாக்டரிடம் காட்டத் திருச்சி போகவேண்டுமென்றால், வாசலில் சொந்த வண்டி நிற்க, அவர் தடியை ஊன்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார். உட்கார இடம் கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவார். வேறு எந்தக் காரிலும்கூட ஏறமாட்டார். வருமானம் படுத்ததைக்கூட அண்ணி பொறுத்துக்கொண்டார், இதைப் பொறுக்க அவரால் முடியவில்லை. "ஊரையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போன மனுஷன் தம்பி. அவர மறுபடி இந்த வண்டில உக்கார வெச்சாப் போதும், எனக்கு வேற எதுவும் வேணாம்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கழன்றுபோன அந்த பால் ஜாயின்ட் விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்தான் மாட்டியது. ஒரிஜினல். கார் கம்பெனிப் பெட்டியிலேயே வந்தது. விதி என்று எல்லாரும் பேசி முடித்துவிட்டோம். அண்ணி முடிக்கவில்லை. அந்தப் பெட்டியில் அண்ணன் போல்ட்டு நட்டுகளைப் போட்டு வைத்திருந்தார். அண்ணி அதைக் கொட்டிவிட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்மடிப்பில் பழைய கிரீஸ் கறை, ஸ்டேப்ளர் பின் அடித்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை. "இது ரெண்டாந்தரம் மூடுன டப்பா" என்றார்.

இது எங்களுக்கு எட்டாமல் அவருக்கு எட்டியதற்குக் காரணம் இருக்கிறது. அண்ணி குன்னம் பக்கத்துக்காரர். பருத்தி போடுகிற வீடு. ஒரு வருஷம் பேர்பெற்ற கம்பெனிப் பையில் வாங்கிய விதை பாதிக்கு மேல் முளைக்கவில்லை. யாரோ காலிப் பையைப் பொறுக்கி, கண்டதை நிரப்பி விற்றிருக்கிறார்கள். அதிலிருந்து அந்த வீட்டில் விதைப் பையைப் பிரித்தால், முதல் வேலையாகக் கத்தரித்து அடுப்பில் போடுவார்கள். எங்கள் ஸ்டாண்டுக்கும் ஒரு பழைய பேப்பர்காரர் வருவார். ஒரிஜினல் பெட்டி என்றால் மட்டும் எடையெல்லாம் பார்க்காமல் காசு கூடவே கொடுப்பார். ஏமாந்த மனுஷன் என்று நாங்கள் அவருக்குப் போட்டிபோட்டுக்கொண்டு விற்போம். அண்ணனும் விற்றிருக்கிறார். எங்கள் பெட்டிகள் எங்கேயோ போய்ப் போலிச் சரக்கால் வயிற்றை நிரப்பிக்கொண்டு எங்களிடமே திரும்பி வந்திருக்கின்றன. ஏமாந்தது யார் என்று பிறகு ஒருநாள் ஸ்டாண்டில் வைத்தே அண்ணி எங்களைக் கேட்டார்.

அதற்காக ஒரிஜினல் என்றாலே மோசம் என்று அவர் கிளம்பிவிடவில்லை. கண்மூடித்தனமாக எதையும் செய்ய அவருக்குத் தெரியாது. சக்கரத்தடியில் இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் வைக்கிற ரப்பர் புஷ்ஷுக்கு ஒரிஜினல்தான் என்று அடம்பிடிப்பார், அதையும் கம்பெனி ஷோரூமில்தான் வாங்கச் சொல்வார். ஷாக் அப்சார்பர் என்றால், கார் கம்பெனிக்கே செய்து கொடுக்கிறவர்கள் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அதை வாங்கச் சொன்னார். கடையில் அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் கடைக்காரரே, "உங்களுக்கு விக்கிறதுக்கு நான் கடையையே எழுதிக் குடுத்துறலாம்மா" என்பார்.

மறுபக்கச் சக்கரத்தின் பால் ஜாயின்டும் தேய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் கொடுக்க ஆரம்பித்தது. ஷோரூமில் சரக்கு இல்லை, எப்போது வரும் என்றும் சொல்லவில்லை. வெளிக்கடையில் ஒரிஜினல் பெட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணி அதைத் தொடவில்லை. தன் பெயரையும் ஊரையும் இரும்பிலேயே பொறித்திருந்த வேறொரு கம்பெனியின் சரக்கை, ஸ்டாண்டில் அதை மாட்டி ஓடுகிற வண்டிகளில் விசாரித்துவிட்டு வாங்கினார். வீட்டில் பூகம்பம்.

"வேற கம்பெனி சாமான் ஒண்ணு என் வண்டில ஏறக்கூடாது" என்று கத்தினார் அண்ணன்.

"ஒரிஜினல்னு எழுதியிருந்த டப்பாதாங்க உங்கள படுக்க வெச்சுது. அத நம்பி நீங்க ஏறுனீங்க. இத நம்பி நான் ஏறுறேன்" என்றார் அண்ணி.

அன்றைக்குத் தொடங்கியதுதான் எங்கள் வழக்கம். சக்கரத்தடியில் எதை மாற்றினாலும், வாடகைக்கு ஆள் ஏற்றுவதற்கு முன் அண்ணி ஏறி அரியலூர் வரை போய்வருவார். சிமெண்ட் லாரிகள் உழுதுபோட்ட ரோடு அது. அதில் தாங்கினால் எங்கேயும் தாங்கும். இப்போது எனக்கே சொந்தமாகச் சில வண்டிகள் ஓடுகின்றன. பெட்டியைப் போனில் காட்டினால் அசலா போலியா என்று அதுவே சொல்லிவிடுகிறது. இருந்தாலும் நான் ஏறிப் போய்வராமல் எந்த வண்டியும் சவாரிக்குக் கிளம்பாது. என் டிரைவர்கள் இதைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அந்த முதல் நாளைச் சொல்லியாக வேண்டும். பெட்டியைக் கிழித்ததும் அன்றுதான். மெக்கானிக் வேலையை முடித்ததும் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அண்ணி முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டியைக் கிளப்பும்போது, "இருடா" என்று சத்தம். அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு படியிறங்கி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பின்கதவைத் திறந்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தார்.

"என்னங்க இது?" என்றார் அண்ணி.

"ஒன்ன தனியா அனுப்பிட்டு நான் இங்க உக்காந்திருப்பேனா? ஓட்றா."

அண்ணி இறங்கிப் பின்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணன் அண்ணியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தது. நான் ஊர்ந்துகொண்டே போனேன். பாதி வழியில் ஒரு பெரிய பள்ளம். இறங்கி ஏறினோம். ஒரு சத்தமும் இல்லை.

"ஏண்டா, பொணவண்டியா ஓட்ற? கியர மாத்துடா" என்றார் அண்ணன். பழைய டிரைவர் குரல்.

கண்ணாடியில் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அத்தனை மாதமும் கண்ணீர் விடாத அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் கியரை மாற்றினேன்.